பத்து ஆள், ஒன்பது மூட்டை, ஒரு லாரி

நான் ஒரு சந்தேகப் பிராணி. மற்றவர்கள் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. பால்காரர் ஊற்றிய பாலை விரலால் தொட்டுப் பார்ப்பேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சிரித்தால் சட்டைப்பையைத் தடவிக்கொள்வேன். பூட்டிய கதவை நான்கு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் படியிறங்குவேன், ஐந்தாவது முறை இழுப்பதற்காகத் திரும்ப ஏறி வருவேன். (இப்படி இழுத்து இழுத்தே ஒரு பூட்டைக் கெடுத்திருக்கிறேன். அப்போதும் பூட்டை விற்றவர் மேல்தான் சந்தேகம் வந்தது.)

இப்படி உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்ட நான், ஒரே ஒரு ஆளை மட்டும் முழுதாக நம்பினேன். அந்த ஆள் நான்தான். அது எவ்வளவு பெரிய தப்பு என்பது தொண்ணூறுகளின் நடுவில், கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேர் முன்னிலையில் எனக்குத் தெரியவந்தது.

அந்த எஸ்டேட்டில் நான் இரண்டாவது ரைட்டர். ரைட்டர் என்றதும் கதை எழுதுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை, மழை பெய்ததா, எந்தக் காட்டில் பழம் பறிக்கிறார்கள் என்று பெரிய நோட்டில் எழுதி வைக்கிற வேலை. பெரிய ரைட்டர் அந்த வருஷப் பொங்கலோடு ஓய்வு பெறுவதாக இருந்தார். அவர் நாற்காலிக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று மேனேஜர் சொல்லியிருந்தார். நாற்காலியும் கம்ப்யூட்டரும் சேர்ந்து ஒரே ஆளுக்குத்தான். அந்த ஆள் நான் என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. ஏனென்றால் சேர்வராயன் மலையில் எங்கள் எஸ்டேட்டைச் சுற்றி கம்ப்யூட்டர் சர்ட்டிபிகேட் வைத்திருந்த ஒரே ஜீவன் நான்.

அந்த சர்ட்டிபிகேட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் ஒரு மாடியில் மூன்று மாதம் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து, வளைவு வளைவாக இறங்கி, அடிவாரத்தில் ஒரு டீ குடித்துவிட்டுப் போவேன். அந்த மாடியில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் இருந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், சிவப்பு வெல்வெட் துணி போர்த்தி, மேலே குங்குமம் வைத்து உட்கார வைத்திருந்தார்கள். நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நின்று பார்க்கலாம். உள்ளே போனால் தூசி போகுமாம். மீதி நேரமெல்லாம் சார் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டோம். கம்ப்யூட்டர் என்றால் என்ன, அதன் பாகங்கள் யாவை, பயன்கள் பத்து. படமும் வரைந்தோம். பெரிய சதுரம் போட்டு மானிட்டர் என்று எழுத வேண்டும். கீழே நீளமாக ஒரு பெட்டி போட்டு கீபோர்டு என்று எழுத வேண்டும். பரீட்சையில் அந்தப் பெட்டிக்கு முழு மதிப்பெண் வாங்கினேன். பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எழுத்துகள் இருக்கும். எழுத்துகள் என்றால் ஏ-யில் தொடங்கி இசட்-டில் முடியும். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

"கம்ப்யூட்டர் ஓட்டத் தெரியுமாப்பா?" என்று மேனேஜர் கேட்டபோது, "எல்லாம் தெரியுங்க சார்" என்றேன். பாகங்களும் பயன்களும் தெரியும்தானே.

அந்தச் சமயத்தில்தான் கொட்டச்சேட்டுத் தொடக்கப் பள்ளிக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் பிரிண்டரோடு வந்தது. சேலத்தில் யாரோ ஒரு புண்ணியவான் தன் ஆபீசுக்குப் புதிதாக வாங்கியதும் பழையதை இங்கே கொடுத்துவிட்டார். எனக்கு உடனே சந்தேகம். புத்தகப்பை வாங்கவே வழியில்லாத பிள்ளைகளுக்கு எதற்குக் கம்ப்யூட்டர்? இதில் அந்தப் பள்ளிக்கூடத்து ஸ்டெல்லா டீச்சருக்கு என்ன லாபம்? ஒரு நாள் பஸ் நிற்கும் இடத்தில் அவரே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க ரைட்டர் சார், நீங்க கம்ப்யூட்டர் படிச்சவருன்னு சொன்னாங்களே. ஒரு நாள் எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்து பிள்ளைங்களுக்குச் சொல்லித் தரலாமில்லீங்களா? ஒரு மிஷினு, இருவத்திரண்டு பிள்ளைங்க. நொம்ப ஆசையா இருக்காங்க."

"வேலை சரியா இருக்குதுங்க டீச்சர். காப்பி சீசனுங்க" என்றேன்.

"ஞாயித்துக்கிழமைகூட நான் வந்து தொறந்து வெக்கறனுங்க."

"ஞாயித்துக்கிழமை எனக்கு வயித்து வலிங்க" என்று சொல்லிவிட்டு, எனக்கு வேண்டாத ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டேன். (வருகிற ஞாயிறு வயிறு வலிக்கும் என்று செவ்வாய்க்கிழமையே தெரிந்த முதல் நோயாளி நான்தான்.) இந்தம்மா என்னைச் சோதிக்கத்தான் வந்திருக்கிறார், மேனேஜரே அனுப்பியிருந்தாலும் அனுப்பியிருப்பார் என்று வெள்ளக்கடை வரைக்கும் யோசித்துக்கொண்டே போனேன்.

அடுத்த வாரம் அந்தச் சம்பவம் தொடங்கியது.

காப்பிப் பழத்தைக் காயப்போட எஸ்டேட்டில் சிமெண்ட் களம் இருக்கும். பகலில் பழத்தைப் பரப்பி வைத்துக் கிளறிவிடுவார்கள். சாயங்காலம் பனி இறங்குவதற்கு முன் ஓரமாகக் குவித்துத் தார்ப்பாயைப் போட்டு மூடிவிடுவார்கள். காலையில் மறுபடி பரப்புவதற்கு முன் நான் போய்ப் பார்க்க வேண்டும். அன்று போனபோது களத்தின் நடுவில், பனியில் பாதி அழிந்து, சாக்பீஸால் கட்டம் கட்டமாக வரைந்திருந்தது. கட்டத்துக்கு ஒரு ஆங்கில எழுத்து. க்யூ, டபிள்யூ, ஈ, ஆர் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல், எழுத்துகளைச் சாக்கில் போட்டுக் குலுக்கிக் கொட்டினது மாதிரி இருந்தது.

(உங்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். சிரித்துவிடாதீர்கள், இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.)

அந்த மாதம் கீழே ஊர்களில் ஒரு பேச்சு பலமாக அடிபட்டது. திருடர்கள் முதலில் வந்து வீட்டு வாசலில் சாக்பீஸால் குறி போட்டுவிட்டுப் போவார்களாம், பிறகு கூட்டமாக வருவார்களாம். நான் நோட்டை எடுத்து எண்ணினேன். மேல் வரிசையில் பத்துக் கட்டம். நடு வரிசையில் ஒன்பது. கீழ் வரிசையில் ஏழு. எல்லாவற்றுக்கும் அடியில் எழுத்தே இல்லாமல் நீளமாக ஒரு கட்டம்.

அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டேன். பத்து ஆள், ஒன்பது மூட்டை, ஏழு மணி. அடியில் நீளமாக இருப்பது லாரி.

காவலுக்கு இருந்த சடையனைக் கூப்பிட்டு விசாரித்தேன். வயதில் என்னைவிட மூத்தவர்.

"சடையண்ணா, களத்துல இது யார் போட்டது?"

"எதுங்க?"

"இந்தக் கட்டம்."

அவர் கட்டத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அது சும்மாங்க. பழத்தப் பரப்புனா தானா அழிஞ்சு போயிருமுங்க."

தானாக அழிந்துபோகும் என்று இவருக்கு எப்படித் தெரியும்? திருடர்களுக்கு உள்ளாள் சடையன் என்று அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டேன். பதினெட்டு வருஷமாக ஒரு பழம்கூடக் குறையாமல் காவல் காத்த மனிதர். அதுவே எனக்கு இன்னும் பெரிய சந்தேகத்தைக் கொடுத்தது. இவ்வளவு நல்லவராக ஒருத்தர் எதற்கு இருக்க வேண்டும்?

நேராக மேனேஜரிடம் போனேன். எழுத்தையெல்லாம் காட்டவில்லை. நோட்டைத் திறந்து காட்டினால் ஆதாரம் வெளியே கசிந்துவிடும் என்று ஒரு முன்ஜாக்கிரதை. முடிவை மட்டும் சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏழு மணின்னா இன்னிக்கு சாயங்காலமா?"

"சந்தேகமே இல்லீங்க சார்" என்றேன். என் வாழ்க்கையில் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

திட்டமும் நான் போட்டதுதான். சடையனை ஒரு வேலை சொல்லி ஏற்காடு டவுனுக்கு அனுப்பிவிட்டோம். பழம் கழுவுகிற கொட்டகைக்குள் மேனேஜர், காட்டுப் பன்றியை விரட்ட வைத்திருந்த துப்பாக்கியோடு நின்றார். நான் களத்திலேயே, காப்பிக் குவியல் மேல், தார்ப்பாய்க்கு அடியில் படுத்துக்கொண்டேன். திருடர்கள் முன்கூட்டியே வந்துவிட்டால் என்ன செய்வது என்பதால் நாலரை மணிக்கே படுத்தாகிவிட்டது. பாதி காய்ந்த காப்பிப் பழத்தின் புளித்த வாசனையை அரை மணி நேரம் தார்ப்பாய்க்குள் சுவாசித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். எறும்பு என் மேல் ஊர்வலம் போனது. மூக்கு வரைக்கும் வந்த தும்மலை நாலு தடவை விழுங்கினேன்.

ஐந்து மணிக்குக் காலடிச் சத்தம் கேட்டது. நிறையக் கால்கள். அப்புறம் சாக்பீஸ் உரசுகிற சத்தம். பிறகு 'தொப்' என்று யாரோ குதிக்கிற சத்தம். கூடவே கூட்டமாகக் குரல்கள்.

"பி!" தொப். "யூ!" தொப். "எஸ்!" தொப்.

சங்கேத மொழி! இனிமேலும் பொறுப்பது கோழைத்தனம் என்று தார்ப்பாயைத் தூக்கி எறிந்துவிட்டு, "அசையாதீங்கடா!" என்று எழுந்து நின்றேன். தலையிலும் சட்டையிலும் காப்பிப் பழம் ஒட்டிக்கொண்டிருக்க, விழுங்கி வைத்திருந்த நாலு தும்மலும் அப்போது ஒன்றாக வெளியே வந்தன.

"பேயி!" என்று அலறிக்கொண்டு ஆறு பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். எல்லோரும் ஏழு, எட்டு வயசு. ஒரு பெண் குழந்தை மட்டும் கட்டத்துக்குள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. பழம் பறிக்கிற ராணியின் மகள் சுமதி. ஓடினால் ஆட்டம் போய்விடும் என்று நினைத்ததோ என்னவோ, மற்றொரு காலைக் கீழே வைக்கவே இல்லை.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் அசடு வழிந்துகொண்டு போயிருப்பான். நான் விசாரணையைத் தொடங்கினேன்.

"யாரு அனுப்புனது உங்கள? லாரி எங்க நிக்குது?"

"லாரி இன்னும் பாடத்துல வரலீங்க" என்றது சுமதி. "பஸ்ஸு வரைக்குந்தான் வந்திருக்குது."

"அப்ப இந்தக் கட்டமெல்லாம் என்ன?"

"கம்ப்யூட்டர்ல தட்டற பலகைங்க. டீச்சரு ஒரு ஆளுக்கு மூணே நிமிசந்தான் குடுப்பாங்க. கரண்டும் போயிருமுங்க. எழுத்தத் தேடிட்டு நின்னா நிமிசம் முடிஞ்சு போயிரும். அதுனால இங்க குதிச்சுக் குதிச்சுப் பழகிக்கறமுங்க. சடையத் தாத்தாதான், ரைட்டரய்யா போனதுக்கப்பறம் வெளையாடுங்க கண்ணுன்னு சொன்னாரு."

"அடியில நீளமா இருக்குதே, அது?"

"அது எடம் விடற கட்டைங்க. ஒரு வார்த்தை முடிஞ்சா அங்க குதிக்கோணும்."

என் லாரி போய்விட்டது. ஆனாலும் சந்தேகம் என்னை விடவில்லை. ஒரு சின்னப் பெண்ணுக்கு இவ்வளவு கோர்வையாகப் பொய் சொல்ல யாரோ பழக்கியிருக்கிறார்கள். மேனேஜர் கொட்டகையிலிருந்து வெளியே வந்து பின்னால் நிற்பது தெரிந்தது. அவர் முன்னால் என் திறமையைக் காட்ட வேண்டாமா?

"யாருகிட்ட காது குத்தறே?" என்று கத்தினேன். "கம்ப்யூட்டர்ல எழுத்து ஏ, பி, சி-ன்னு வரிசையாத்தான் இருக்கும்! இந்த மாதிரி கலைஞ்சு போயி இருக்காது! நான் சேலத்துல படிச்சு சர்ட்டிபிகேட் வாங்குனவன், என்கிட்டயேவா?"

ஓடின பிள்ளைகள்கூட சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

மேனேஜரைப் பற்றி ஒரு விஷயத்தை நான் யோசித்திருக்க வேண்டும். அவருடைய கடிதங்களையெல்லாம் பங்களாவில் வைத்து அவரேதான் டைப் அடிப்பார், பல வருஷமாக. அவர் மெதுவாகக் கட்டங்களைச் சுற்றி ஒரு நடை நடந்தார். முதல் வரிசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன சொன்ன? இன்னொரு தடவை சொல்லு."

"ஏ... பி... சி... சார்" என்றேன். அவர் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் சிவப்பு வெல்வெட்டும் கண்ணாடிக் கதவும் எனக்கு முன்னால் வந்து நின்றன.

அவர் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சுமதியிடம், "காப்பின்னு குதி, பாக்கலாம்" என்றார்.

அந்தக் குழந்தை யோசிக்கவே இல்லை. சி-யில் ஒரு குதி, ஓ-வுக்கு ஒரே தாவல், எஃப்-பில் நின்ற இடத்திலேயே இரண்டு குதி, ஈ-யில் இரண்டு. கடைசியில் லாரிமேல் ஒரு குதி குதித்து முடித்தது. பிறகு என்னைப் பார்த்துப் பரிதாபமாக, "நீங்க வேணுமின்னா மெதுவாக் குதிச்சுப் பாருங்கய்யா" என்றது.

மேனேஜர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "பொங்கல் கழிச்சுக் கம்ப்யூட்டர் வருது. உன் பேரைத்தான் எழுதி அனுப்பியிருக்கேன். என்ன செய்யட்டும், நீயே சொல்லு" என்றார்.

ஊரில் அம்மாவுக்கு, பெரிய ரைட்டர் ஆகப்போகிறேன் என்று கடிதம் போட்டாகிவிட்டது. அம்மா தெருவுக்கே சொல்லியிருப்பாள். அந்த நிமிஷம் எனக்கு அழுகை வந்தது. அழுதுவிடவும் செய்தேன். காப்பித் தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"சனிக்கிழமை தோறும் அந்தப் பள்ளிக்கூடத்துல போய் உக்காரு" என்றார் மேனேஜர். "இவனுக்குத் தெரியும்னு அந்த டீச்சர் என்னிக்குச் சொல்றாங்களோ, அன்னிக்கு நாற்காலி உனக்கு. சொல்லலேன்னா இல்லை."

அந்தச் சனிக்கிழமை மூன்றாம் வகுப்பு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். முழங்கால் முகவாயைத் தொட்டது. ஸ்டெல்லா டீச்சர் ஒரு வார்த்தை கிண்டலாகச் சொல்லவில்லை. "வயித்து வலி தேவலைங்களா?" என்று மட்டும் கேட்டார். எல்லோரையும் போல எனக்கும் மூன்று நிமிஷம்தான். முதல் இரண்டு நிமிஷத்தை ஏ எங்கே இருக்கிறது என்று தேடுவதில் செலவழித்தேன். இந்தக் கம்பெனிக்காரன் எழுத்தை வேண்டுமென்றே மாற்றி வைத்திருக்கிறான் என்று ஒரு சந்தேகமும் வந்தது. "எடது கை சுண்டு வெரலுங்க" என்று பின்னாலிருந்து சுமதி கிசுகிசுத்தது. அதற்குள் மணியைப் பார்த்து டீச்சர் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார்.

வெட்கம் என்னவோ இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. பழகாதது வேறொன்று. அன்றைக்கு அலறி ஓடின ஆறு பிள்ளைகளில் இரண்டு பேர் அதற்குப் பிறகு களத்துப் பக்கமே வரவில்லை. காப்பிக்குள் பேய் இருக்கிறது என்று பயந்துவிட்டார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு சுருக்கென்கிறது. கடைசியில் நானே டவுனில் ஒரு டப்பா வெள்ளை பெயிண்ட் வாங்கி வந்து, மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு, களத்தின் ஒரு மூலையில் அந்தக் கட்டங்களை அழியாமல் வரைந்தேன். சடையனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட, போங்க சாமி. எழுத்து சரியா இருக்குதான்னு ஒருக்கா புள்ளைங்களக் கேட்டுட்டு பெயிண்ட் அடிங்க" என்றார். கேட்டேன். இரண்டு எழுத்து தப்பாக இருந்தது.

சாயங்காலங்களில் ஆபீஸ் முடிந்ததும் நானும் அதில் குதித்தேன். (வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு ரைட்டர் இங்கிலீஷ் குதிப்பதை எஸ்டேட்டே வேலி ஓரம் நின்று பார்த்தது.) பயந்த பிள்ளைகள் இரண்டு பேரும் அதைப் பார்க்கத்தான் முதலில் திரும்பி வந்தார்கள். எஸ்டேட்டுக்கு வந்த கம்ப்யூட்டர் ஆறு வாரம் அட்டைப்பெட்டியைவிட்டு வெளியே வராமல் எனக்காகக் காத்திருந்தது. ஏழாவது வாரம் ஸ்டெல்லா டீச்சர் மேனேஜருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். நாற்காலி கிடைத்தது.

இதோடு முடிந்திருந்தால் விஷயம் எஸ்டேட்டோடு போயிருக்கும். ஆனால் அந்த டீச்சரின் பாடத்தில் இன்னொரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் தன் மூன்று நிமிஷத்தில், தான் பார்த்த ஒரு சங்கதியை கம்ப்யூட்டரில் தட்ட வேண்டும். தமிழைத்தான் இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவார்கள். வாரக் கடைசியில் அதை அச்செடுத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே டீச்சர் கையால் தமிழில் எழுதி, கொட்டச்சேட்டு டீக்கடையில் ஒரு பலகையில் ஒட்டிவிடுவார். பெற்றோர்கள் பஸ்ஸுக்கு நிற்கும்போது படிக்கட்டும் என்பதற்காக. மாடு கன்று போட்டது, பஸ் பஞ்சர் ஆனது, எல்லாம் அதில் வரும்.

சுமதி என்னைப் பற்றித் தட்டியிருந்தது. ஒரே நாளில் முடியாமல் நான்கு நாள் தட்டியிருக்கிறது. "ரைட்டர் ஐயா எங்களைத் திருடர்கள் என்று நினைத்துக் காப்பிக்குள் ஒளிந்திருந்தார். அவருக்கு எழுத்து எங்கே இருக்கிறது என்று தெரியாது. இப்போது எங்களோடு படிக்கிறார். முட்டி இடிக்கிறது. ஆனாலும் லீவு போடுவதில்லை."

அந்த மாசி மாதம் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளக்கடையிலிருந்து ஒரு பெண்ணின் அப்பா, மாப்பிள்ளை எப்படி என்று ஓசைப்படாமல் விசாரிக்க அந்த டீக்கடைக்கு வந்திருக்கிறார். கடைக்காரர் பலகையை நோக்கிக் கையைக் காட்டியிருக்கிறார். அவர் நின்று முழுதும் படித்துவிட்டு, கடைக்காரரிடம் கேட்டு அந்தத் தாளைப் பிரித்து மடித்து வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பெண்ணோடு எனக்குக் கல்யாணம் முடிந்து மூன்று மாதம் கழித்துத்தான் அந்தத் தாள் அவள் பெட்டியில் இருப்பதைப் பார்த்தேன். (பூட்டிய பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஒரு சந்தேகம்.) இதைப் படித்துவிட்டுமா என்னைக் கட்டிக்கொண்டாய் என்று கேட்டேன்.

"தெரியாதத தெரியாதுன்னு ஒத்துக்கிட்டு, சின்னப் புள்ளைங்களோட உக்காந்து படிக்கிற ஆளுன்னா நம்பிக் கழுத்த நீட்டலாமுன்னு தோணுச்சுங்க" என்றாள்.

ஒத்துக்கொண்டபோது பக்கத்தில் துப்பாக்கி இருந்தது என்பதைச் சுமதி எழுதவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தத் தாளை அவள் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறாள். எங்கள் சொந்தத்தில் யார் வீட்டிலாவது கல்யாணப் பேச்சு எடுத்து, ஜாதகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். எழுந்துபோய் அந்த உறையைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொல்வாள்: "மத்தவங்க ஊட்டு மாப்பிள்ளைக்கெல்லாம் ஜாதகம் இருக்கும். எங்க ஊட்டுக்காரருக்கு பிரிண்ட் அவுட் இருக்குதுங்க."